ஆற்றங்கரைச் சோறு

ஆடிப் பதினெட்டு அன்று திருவையாற்றுப் பக்கத்தில் எந்தப் படித்துறைக்குப் போனாலும் காலை எட்டு மணிக்கெல்லாம் எல்லாக் குடும்பமும் ஒரே மாதிரிதான் தெரியும். வாழை இலை, அதன்மேல் ஆற்று மணலில் பிடித்த பிள்ளையார், காப்பரிசி, மஞ்சள், காதோலை கருகமணி, விளாம்பழம், மஞ்சள் தடவிய நூல். சிறு பிள்ளைகள் சப்பரத்தட்டியை இழுத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் ஓடும்.

வித்தியாசம் தெரிவது பத்து மணிக்குமேல், சோற்றுப் பாத்திரத்தின் மூடி திறக்கும்போது. ஒரு குடும்பம் நாலு அடுக்கு கேரியரில் நாலு நிறத்தில் சித்ரான்னம் கொண்டுவந்திருக்கும். பக்கத்துக் குடும்பம் ஒரே ஒரு தூக்கில் புளிச்சோறு, தொட்டுக்கொள்ள வறுத்த அப்பளம். சிலர் பக்கத்து இலைக்கு ஒரு கை வைத்த பிறகுதான் தாங்கள் கை நனைப்பார்கள். சிலர் யாருக்கும் முகம் காட்டாமல் ஆற்றைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அது கஞ்சத்தனம் என்று நினைப்பவர்கள் உண்டு. கொண்டுவந்தது குறைவு என்பதை அடுத்தவர் பார்க்க வேண்டாம் என்பதுதான் பல நேரம் காரணம்.

2024-ஆம் ஆண்டு ஆடிப் பதினெட்டு சனிக்கிழமையில் வந்தது. மறுநாள் ஆடி அமாவாசை. வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கும் மேட்டூர் அணை அந்த ஆண்டு ஜூலை 28-ல்தான் திறந்தது. பம்புசெட் இல்லாதவர்களுக்குக் குறுவை இல்லை. அப்படிக் குறுவை போடாத ஒரு குடும்பம் அன்று படித்துறை அரசமரத்தடியில் இரண்டு பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. ஒரே குடும்பம், இரண்டு பாய்.

எழுபத்திரண்டு வயதான அம்மா ஒருவர், மகன்கள் இரண்டு பேர். மூத்தவர் ஊரில் விவசாயம். இளையவருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. ஒன்பது மா நிலத்தை ஆறு வருஷத்துக்கு முன்பு ஆளுக்கு நாலரை மாவாகப் பிரித்தார்கள். மூன்று மா ஓர் ஏக்கர் என்பது டெல்டாக்காரர்களுக்குத் தெரிந்த கணக்கு. தம்பி பங்கையும் அண்ணன்தான் குத்தகையாகப் பார்க்கிறார். மகசூலில் இத்தனை மூட்டை என்று பேச்சு. அந்த ஆண்டு தம்பி தன் பங்கை விற்றுத் திருப்பூரில் வீட்டுமனைக்கு முன்பணம் கட்ட நினைத்தார். அண்ணனிடம் வாங்கிக்கொள்ளப் பணம் இல்லை, வேறு ஆளுக்கு விற்கவும் மனசு இல்லை. போனில் பேசியது கோபத்தில் முடிந்து, நாலு மாதமாகப் பேச்சே இல்லை. அம்மா போன் போட்டு, "பதினெட்டுக்கு வந்துட்டுப் போ. வேற எதுவும் பேச வேணாம்"னு சொன்னதால் தம்பி குடும்பத்தோடு வந்திருந்தார்.

அம்மா முதல் நாள் இரவே புளிக்காய்ச்சல் காய்ச்சிவிட்டார். அவர் கட்டுச்சோறு கட்டும் முறையில் ஒரு எழுத்து மாறாது. பழைய புளியைக் கெட்டியாகக் கரைத்து, நல்லெண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, வேர்க்கடலை, மிளகாய் வற்றல் தாளித்து, எண்ணெய் மேலே பிரிந்து நிற்கும்வரை சுண்டவிடுவார். கடைசியில் வறுத்துப் பொடித்த வெந்தயமும் எள்ளும். வெங்காயம் கிடையாது, தேங்காய் கிடையாது. இரண்டும் வெயிலில் சீக்கிரம் காலை வாரிவிடும். சோற்றை விறைப்பாக வடித்து, பெரிய தாம்பாளத்தில் பரப்பி, மஞ்சள்தூளும் நல்லெண்ணெயும் தெளித்து, நன்றாக ஆறிய பிறகுதான் பிசைவார்.

இந்த ஆறவிடுதலில்தான் இன்றைக்குப் பலர் தவறுகிறார்கள். அவசரத்தில் சூட்டோடு டப்பாவில் அடைத்து மூடினால் சோறு வியர்க்கும். சோறு வெந்தாலும் சாகாத ஒரு வகைக் கிருமி வித்துகள் அரிசியில் உண்டு. மூடிய பாத்திரத்தின் வெதுவெதுப்பில் அவை முளைத்துப் பெருகி நஞ்சை விடும். திரும்பச் சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. சுற்றுலா போன இடத்தில் வாந்தி எடுத்துவிட்டு, 'தண்ணி ஒத்துக்கலை' என்று தண்ணீர்மேல் பழியைப் போடுவார்கள். அம்மாவுக்குக் கிருமிக் கணக்கு தெரியாது. "வேர்த்த சோறு ஊசிடும்" என்பார், அவ்வளவுதான்.

தயிர்ச்சோற்றுக்கு அவர் வழி வேறு. சோற்றைக் குழைய மசித்து, காய்ச்சி ஆறிய பாலை நிறைய ஊற்றி, ஒரே ஒரு கரண்டி தயிர் விடுவார். கிளம்பும்போது பால்சோறு, பந்தியில் தயிர்ச்சோறு. தயிரையே நிறையக் கொட்டிப் பிசைந்தால் உச்சிவெயிலில் புளித்து, பிள்ளைகள் முகம் சுளிக்கும்.

தம்பி வேறு மாதிரி வந்தார். தஞ்சாவூரில் பஸ் இறங்கியதும் ஓட்டலில் எட்டுப் பார்சல் வெஜ் பிரியாணி, பிரைடு ரைஸ், காலிபிளவர் வறுவல், ஒரு டஜன் தண்ணீர் பாட்டில். எல்லாம் பளபளப்பான பைகளில். ஆட்டோவிலிருந்து இறக்கும்போதே அண்ணி முகம் மாறிவிட்டது. காலை நாலு மணிக்கு எழுந்து தேங்காய்ச்சோறும் எலுமிச்சைச்சோறும் கிண்டியவர் அவர். 'நான் சமைச்சது இவங்களுக்கு ஆகாதோ' என்று அவருக்குத் தோன்றியதில் தப்பு சொல்ல முடியாது.

தம்பி மனைவி ஈரோட்டுப் பக்கம். அவர் கையில் ஒரு துணிப்பை தனியாக இருந்தது. ஆடி முதல் நாள் சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர்ப் பக்கத்தில் தேங்காய் சுடுவார்கள். தேங்காயின் கண்ணைத் துளைத்து, கொஞ்சம் தண்ணீரை வைத்துக்கொண்டு, பாசிப்பருப்பு, வெல்லம், எள், பொட்டுக்கடலை, அவல் எல்லாம் உள்ளே திணித்து, அழிஞ்சில் குச்சியைச் சொருகித் தீயில் வாட்டுவது. பண்டிகை முடிந்து பதினேழு நாள் ஆகியும், மாமியாருக்குக் காட்ட வேண்டும் என்று அதே மாதிரி இரண்டு தேங்காயை முதல் நாள் இரவு சுட்டு எடுத்து வந்திருந்தார். "எங்கூருப் பக்கம் இப்படித்தானுங்கத்தை" என்று தயங்கித் தயங்கி நீட்டினார்.

இரண்டு மருமகள்களுக்கும் இடையில் பெரிய பகை ஒன்றும் கிடையாது. பழக்கம்தான் வேறு. மூத்தவர் பந்தியில் எல்லோருக்கும் பரிமாறி முடித்துக் கடைசியில்தான் உட்காருவார். இளையவர் வீட்டில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, நடுவில் பாத்திரத்தை வைத்து, வேண்டியதை எடுத்துக்கொள்வார்கள். மூத்தவர் சொம்பைத் தூக்கி அண்ணாந்து குடிப்பார். திருப்பூர்ப் பிள்ளைகள் பாட்டிலில் வாய் வைத்துக் குடித்துவிட்டு அடுத்தவருக்கு நீட்டும். 'எச்சில் பண்டம்' என்று இவர் ஒதுங்க, 'நம்மளத் தொட்டுச் சாப்பிட மாட்டாங்களாட்ட இருக்குது' என்று அவர் எடுத்துக்கொள்ள, பாய் இரண்டாகிவிட்டது. வயதான அம்மா இரண்டு பாய்க்கும் நடுவில் வெறும் மணலில் உட்கார்ந்துகொண்டார். ஊர்ப் பேரன் 'அப்பாயி' என்று கூப்பிட்டான், திருப்பூர்ப் பேத்தி 'அப்பத்தா' என்று கூப்பிட்டாள். இரண்டுக்கும் அவர் திரும்பினார்.

சண்டை வந்தது சோற்றால் இல்லை, மாட்டால். பிரியாணி தின்று முடித்த பை ஒன்று காற்றில் உருண்டு போனது. கரையில் மேய்ந்துகொண்டிருந்த யாருடைய பசுவோ அதை முகர்ந்து, வாயில் கவ்விவிட்டது. எண்ணெயும் உப்பும் பிசுபிசுத்த பை மாட்டுக்குச் சோறுதான். மூத்தவர் இலையை விட்டு எழுந்து ஓடி, வாய்க்குள் கையை விட்டுப் பையை இழுத்துப் போட்டார். திரும்பி வந்தவர் கத்தினார்.

"காசு குடுத்து வாங்கித் தின்னுட்டு, ஊரு மாட்டுக்கு எமனை விட்டுட்டுப் போவீங்களா?"

மூன்று வருஷத்துக்கு முன்பு அவருடைய கறவை மாடு ஒன்று அப்படித்தான் போனது. தீனி குறைந்தது, பால் வற்றியது, அசை போடுவது நின்றது. இடப்பக்க வயிறு உப்பிக்கொண்டே வந்தது. செரிமானக் கோளாறு என்று கைவைத்தியம் பார்த்தே நாட்களைக் கடத்திவிட்டார். செத்த பிறகு கால்நடை மருத்துவர் வயிற்றை அறுத்துப் பார்த்தபோது கயிறாய் முறுக்கிய பிளாஸ்டிக் உருண்டை. மாடு தின்பதை உடனே மென்று பார்ப்பதில்லை, விழுங்கிவிட்டுத்தான் அசை போடுகிறது. உள்ளே போன பை அங்கேயே தங்கிவிடும். நேரத்தோடு கண்டுபிடித்தால் மருத்துவர் வயிற்றைத் திறந்து எடுத்துவிட முடியும் என்பது அவருக்கு மாடு போன பிறகுதான் தெரிந்தது. தமிழ்நாட்டில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் 14 வகைக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. ஆனால் ஆடிப் பதினெட்டு முடிந்த மறுநாள் எந்தப் படித்துறையிலும் அந்தத் தடையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். கரையோடு போவதும் இல்லை. தண்ணீரோடு வாய்க்காலில் வந்து மதகில் அடைத்துக்கொள்ளும் குப்பையை வாரிப் போடுவது கடைமடைக்காரர்.

தம்பிக்குச் சுருக்கென்றது. "ஒரு பைக்கு இந்தப் பேச்சாண்ணே? உங்க மனசுல வேற என்னமோ இருக்கு. அதச் சொல்லுங்க."

"இருக்கு. குறுவை இல்ல. குத்தகை நெல்லு இந்த வருஷம் கிடையாது. நிலத்தையும் விக்கணும்ங்கற. நான் எங்க போக?"

"நெல்லு எவன் கேட்டான்?"

சுற்றி இருந்த இலைகளில் கைகள் நின்றன. அம்மா மட்டும் நிறுத்தவில்லை. பொட்டலத்தைப் பிரித்து, இளையவன் இலையில் புளிச்சோற்றை வைத்தார். "சோத்துக்கு முன்னால நெலத்தைப் பேசாதீங்கடா. ஒங்க அப்பாவும் இதே கரையில பேசித்தான் அவரு தம்பியோட பேச்சை வுட்டாரு."

யாரும் பேசவில்லை. அந்த நேரத்தில் பேத்தி வாயைத் திறந்தாள். ஏழு வயது. பிரியாணிப் பொட்டலத்தைக் காட்டி, "அப்பத்தா, அப்பா இது எங்களுக்கு எப்பவுமே வாங்கித் தராது. அப்பாவும் கம்பெனியில பன்னும் டீயும்தான் திங்கும். அம்மா சண்டை போடும்" என்றாள்.

மனைவி கட்டிக் கொடுக்கும் டப்பா இரவு ஷிப்டுக்கு என்று தம்பி வைத்துக்கொள்வார். ஓவர்டைம் இருக்கும் நாளில் பகல் சாப்பாடு பேக்கரி பன். மனைக்குச் சேர்க்கும் பணம் அதில்தான் மிச்சம். எட்டுப் பார்சலும் பகட்டுக்காக வாங்கியது என்று அண்ணி நினைத்தார், அண்ணனும் நினைத்தார். அன்றாடம் வாயைக் கட்டுகிறவன் வருஷத்தில் ஒருநாள் ஊருக்கு வரும்போது இரண்டு கையும் நிறைய வாங்கி வரத்தான் பார்ப்பான். வெளியே போனால் வீட்டுச் சோறுதான் என்பவர்களும், வெளியே போவதே ஓட்டலில் சாப்பிடத்தான் என்பவர்களும் ஒருவரையொருவர் ஏளனம் செய்வது எல்லா ஊரிலும் நடக்கிறது. வாரம் முழுக்க அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்கு ஓட்டல் சாப்பாடு ஒரு நாள் விடுதலை. வாரம் முழுக்க ஓட்டலில் தின்பவனுக்குக் கட்டுச்சோறு விருந்து. பையை மட்டும் பார்த்தால் இது தெரியாது.

அண்ணி எழுந்து வந்தார். பிரியாணிப் பொட்டலம் ஒன்றைப் பிரித்துத் தன் இலையில் வைத்துக்கொண்டு, தேங்காய்ச்சோற்றுப் பாத்திரத்தை அந்தப் பாயில் வைத்தார். "காரம் கம்மியாத்தான் இருக்கு, நல்லாருக்கு" என்றார். நிஜத்தில் அவர் கண்ணில் தண்ணீர் வந்தது, காரம் அப்படி. சுட்ட தேங்காயை உடைத்தபோது பருப்பும் வெல்லமும் உள்ளேயே வெந்து பாகாகியிருந்தது. அம்மாவுக்குப் பல் இல்லை. பூரணத்தை மட்டும் வழித்து எடுத்துக் கொடுத்தார்கள். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். "இந்தக் குச்சி இங்க கெடைக்காதாடி?" என்று சின்ன மருமகளைக் கேட்டார்.

"வேற குச்சியும் வெக்கலாமுங்க. அது சட்டுனு கருகாது, வாசமும் வரும். அதுக்குத்தான்."

தம்பி கைகழுவிவிட்டு, பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு கரையில் நடந்து, தங்கள் பைகளோடு அடுத்தவர் விட்டுப்போன பைகளையும் ஒரு சாக்கில் பொறுக்கினார். அண்ணன் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துச் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டார். இருவரும் அப்போது என்ன பேசினார்கள் என்பது பாயில் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்ததும் தம்பி சொன்னது ஒன்றே ஒன்று. "சம்பா அறுப்பு முடியட்டும்ணே. தைக்கு மேல பார்ப்போம்."

நிலம் விற்பதா வேண்டாமா என்பது அன்று முடிவாகவில்லை. மனைக்காரர் தை வரை காத்திருப்பாரா என்பதும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை அமாவாசைப் படையல் முடிந்து, இரவு பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். அண்ணி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மிச்சப் புளிக்காய்ச்சலை ஊற்றி, மேலே இரண்டு விரற்கடை நல்லெண்ணெய் நிற்கும்படி விட்டுக் கொடுத்தார். "ஈரக் கரண்டி போடாதீங்க தம்பி. பதினஞ்சு நாளு அசையாது. சோறு மட்டும் வடிச்சா போதும், பன்னு வேணாம்." வழிச் சோற்றைத் தூக்கில் புதிதாகக் கட்டியிருந்தது அம்மா. பஸ் நகரும்போது ஜன்னலோரம் வந்து சொன்னார்:

"தூக்கு நம்ம வீட்டுதுடா. பொங்கலுக்கு வர்றப்ப மறக்காம எடுத்தா."

திங்கட்கிழமை காலை மூத்தவர் சம்பா நாற்றங்காலுக்கு விதைநெல்லை ஊறப் போட்டார். ஒன்பது மாவுக்கும் சேர்த்துத்தான்.