லீவுக் கணக்கு

லீவு என்கிற வார்த்தை எங்கள் சேரிக்குள் வந்து ரொம்ப வருஷம் ஆகவில்லை. பறையடிக்கிறவனுக்கு ஏது லீவு? பிணம் எரிக்கிறவனுக்கு ஏது லீவு? ஊரில் சாவு விழுந்தால் நடுராத்திரி என்றாலும் எழுந்து போக வேண்டும். கூலி என்று ஒன்று இருந்தால்தானே லீவு என்று ஒன்று இருக்கும்? படி நெல்லுக்கும் மிஞ்சின சோத்துக்கும் உழைத்தவனுக்கு வருஷத்தில் 365 நாளும் ஊர்க்காரன் நாள்தான். அவனுடைய நாள் என்று ஒன்று கிடையாது.

அதற்காக எங்களைப் பயணமே போகாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. மதுராந்தகத்துக்குப் பக்கத்துச் சேரியில் இருந்த என் தாத்தா நடந்த நடைக்குக் கணக்கே இல்லை. ஊரில் யாராவது செத்தால் அவர்களுடைய ஒறவுமொறைக்குச் சேதி சொல்லப் போவது அவர் வேலை. பத்து மைல், பதினைந்து மைல் நடப்பார். போய்ச் சேர்ந்த ஊரில் தெருவுக்குள் நுழைய முடியாது. தெரு முனையில் நின்று, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும். கேட்டவர்கள் ஒரு படி நெல் போடுவார்கள். உட்காரு என்று சொல்ல மாட்டார்கள். அந்தக் காலத்துச் செங்கல்பட்டு ஜில்லாவில் அவர் கால் படாத பாதை குறைவு. ஆனால் ஒரு ஊரையாவது அவர் பார்த்திருப்பாரா? அடுத்தவன் வீட்டுச் சாவைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் எதை நின்று பார்ப்பான்?

எங்க நைனா அந்த வேலையை உதறிவிட்டுப் பல்லாவரத்துக்கு வந்தார். குரோம்பேட்டைக்கு அந்தப் பேரே குரோம் லெதர் கம்பெனியால் வந்தது என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த வட்டாரத்தில் நாகல்கேணியில் ஒரு தோல் ஷாப்பில் நைனா சுண்ணாம்புக் குழியில் இறங்கினார். வந்தா கூலி, வராட்டி இல்லை. அவர் பஸ் ஏறினது எல்லாம் ஊரில் நம்ம ஜனத்தில் யாராவது செத்தபோதுதான். சேதி வரும், சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவார், காரியம் முடிந்ததும் ராத்திரியே திரும்பிவிடுவார். மறுநாள் கூலி போய்விடுமே. மதுராந்தகத்துக்குத் தெற்கே என்ன இருக்கிறது என்று அவருக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. எங்கள் வீட்டுக் கூரைக்கு மேலே மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானம் அவர் காலத்திலும் போய்க்கொண்டுதான் இருந்தது.

எனக்கு லீவு இருக்கிறது. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு கம்பெனியில் நிரந்தரத் தொழிலாளி. சம்பளத்தோடு லீவு. இது முதலாளி மனசு வைத்துக் கொடுத்தது என்று எங்கள் கம்பெனியில் பாதிப் பேர் நினைக்கிறார்கள். மீதிப் பேர் வெள்ளைக்காரன் கொடுத்தது என்கிறார்கள். அது எப்படி வந்தது என்று சொல்லிவிட வேண்டும். 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் கவுன்சிலில் தொழிலாளர் துறையைப் பார்த்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். அவர் காலத்தில்தான், 1945இல், தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, ஒரு வருஷம் வேலை செய்தவனுக்குச் சம்பளத்தோடு 10 நாள் விடுமுறை என்று சேர்த்தார்கள். லீவே இல்லாத சாதியில் பிறந்த ஒருத்தர்தான் இந்த நாட்டு ஆலைத் தொழிலாளி எல்லாருக்கும், எல்லாச் சாதிக்காரனுக்கும், சம்பளத்தோடு லீவுக்கு வழி செய்தார். 1948ஆம் வருஷத்துச் சட்டம் அதை வளர்த்தது. வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்தவனுக்கு, 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் லீவு. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொகுப்புச் சட்டம் வந்து 240 என்பது 180 ஆகியிருக்கிறது. 20க்கு ஒன்று என்கிற கணக்கு அப்படியே இருக்கிறது.

போன வருஷம் நான் வேலைக்குப் போனது 288 நாள். ஆக எனக்கு 14 நாள் லீவு. இதில் ஊரில் சாவு, கருமாதி என்று 3 நாளை முதலிலேயே எடுத்து வைத்துவிட வேண்டும். கல்யாணம் காதுகுத்துக்கு 2. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் வரிசையில் நிற்க 2. மிச்சம் 7. இந்த 7 நாளையும் ஞாயிற்றுக்கிழமையையும் பண்டிகை லீவையும் வைத்துக்கொண்டு, 2026ஆம் வருஷத்துக் காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றித் தரையில் போட்டு உட்கார்ந்தேன். 1948 சட்டப்படி பார்த்தால் வருஷத்துக்கு மூன்று தடவைக்கு மேல் இந்த லீவைப் பிரித்து எடுக்க முடியாது. எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு நாளாகவும் கொடுக்கிறார்கள். அந்த மட்டும் சரி.

அயோத்திதாசருக்கும் இரட்டைமலை சீனிவாசனுக்கும் லீவு செலவில்லை. இரண்டு பேர் மண்டபமும் கிண்டியில் ஒரே வளாகத்தில் இருக்கிறது. பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறினால் ஐந்தாவது ஸ்டேஷன். ஞாயிற்றுக்கிழமை போதும்.

வெண்மணிக்கும் லீவு வேண்டாம். 1968 டிசம்பர் 25இல் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதற்கு 44 பேரைக் குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள். அன்றைக்குக் கிறிஸ்துமஸ். ஏசு புண்ணியத்தில் கம்பெனி லீவு. வியாழக்கிழமை ராத்திரி கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறினால் விடியற்காலை திருவாரூர், அங்கிருந்து கீழ்வேளூர் வழி. சனிக்கிழமை காலை ஷிப்டுக்குத் திரும்பிவிடலாம்.

செப்டம்பர் 11 வெள்ளிக்கிழமை. இமானுவேல் சேகரன் 1957இல் வெட்டப்பட்ட நாள். 2011இல் அதே நாளில் பரமக்குடியில் போலீஸ் சுட்டு ஆறு பேர் செத்தார்கள். வியாழன் ராத்திரி கிளம்பினால் லீவு 1.

ஜூன் 30 செவ்வாய். 1997இல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் ஆனதற்காக முருகேசனையும் கூட இருந்த ஐந்து பேரையும் வெட்டினார்கள். லீவு 1. ஜூலை 23 வியாழன். 1999இல் கூலி கேட்டுத் திருநெல்வேலியில் ஊர்வலம் போன மாஞ்சோலைத் தொழிலாளர்களைப் போலீஸ் அடித்து விரட்ட, தாமிரபரணியில் 17 பேர் மாண்டார்கள். அதில் ஒன்றரை வயதுக் குழந்தையும் ஒன்று. லீவு 1.

டிசம்பர் 6 இந்த வருஷம் ஞாயிறு. பம்பாய் தாதரில் சைத்திய பூமி. போக ஒரு நாள், வர ஒரு நாள். லீவு 2. கடைசியாக நாக்பூர். 1956 அக்டோபர் 14 விஜயதசமி அன்று லட்சக்கணக்கான ஜனத்தோடு பாபாசாகேப் பௌத்தம் தழுவிய இடம். இந்த வருஷம் விஜயதசமி அக்டோபர் 20 செவ்வாய். முந்தின நாள் திங்கள், ஆயுத பூஜை, கம்பெனி லீவு. மிஷினுக்குப் பொட்டு வைக்கக் கொடுக்கிற லீவில் நான் ஞாயிறு ராத்திரியே சென்ட்ரலில் ரயில் ஏறிவிடுவேன். லீவு 2.

ஒன்றும் ஒன்றும் ஒன்றும் இரண்டும் இரண்டும். ஏழு. கணக்குச் சரியாக வந்துவிட்டது.

லீவுச் சீட்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. மாலை போட்டவன் அதில் சபரிமலை என்று எழுதினால் சூப்பர்வைசர் எழுந்து நின்று கையெழுத்துப் போடுகிறார். நான் ஒரு தரம் பரமக்குடி என்று எழுதினேன். "அங்க எதுக்குப்பா? கலாட்டா பண்றதுக்கா?" என்றார். "செத்தவருக்குக் கும்பிடு போட சார்" என்றேன். "உனக்கு என்ன ஒறவு?" என்றார். அய்யப்பன் அவருக்கு என்ன ஒறவு என்று நான் கேட்கவில்லை. ஒறவுதான் சார், எழுதிக்குங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். லீவு கொடுத்தார்.

இது கம்பெனியோடு போச்சு. வீட்டில் வேறு கேள்வி வந்தது. எட்டாவது படிக்கிற என் மகள் காலண்டரைக் குனிந்து பார்த்தாள். நான் பேனாவால் வட்டம் போட்டதை ஒவ்வொன்றாக விரல் வைத்து, இது எது, இது எது என்று கேட்டுக்கொண்டே வந்தாள். சொன்னேன். கடைசியில், "ஏம்பா, நாம போற எடம் எல்லாம் யாராச்சும் செத்த எடமாவே இருக்குதே. சும்மா பார்க்கறதுக்குன்னு ஒரு எடம் கெடையாதா?" என்றாள். நாக்பூர் அப்படி இல்லம்மா என்றேன். "அதுக்கும் நீ மட்டும்தானே போற" என்றாள்.

அவள் அம்மா அடுப்படியிலிருந்து ஒன்றும் சொல்லவில்லை. அவள் குரோம்பேட்டையில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். அவளுக்கு 20க்கு ஒன்று கிடையாது, பண்டிகை லீவு கிடையாது. ஆயுத பூஜை என்றால் அவளுக்கு வேலை இரட்டிப்பு. ரெண்டு நாள் சேர்ந்தாற்போல் போகவில்லை என்றால் மூணாம் நாள் வேறு ஆள் நிற்கிறாள். என் தாத்தாவுக்கு இருந்த நிலைமை எங்கள் வீட்டை விட்டு இன்னும் போகவில்லை. கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து அவள் போன ரயில் பீச் - தாம்பரம் ரயில் ஒன்றுதான்.

செத்தவர்களை நினைப்பது நமக்குக் கடமை. அதை யாருக்காகவும் விட முடியாது. தாத்தா சுமந்தது அடுத்தவன் சாவு, நான் போவது என் ஜனத்தின் சாவுக்கு. ரெண்டும் ஒன்று இல்லை. ஆனாலும் மூன்று தலைமுறையாக நாங்கள் வீட்டை விட்டுக் கிளம்புவது சாவுக்காகத்தான் என்று ஒரு குழந்தை கணக்குப் போட்டால் அந்தக் கணக்கில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை.

பாபாசாகேப் எழுதி, 1990இல் சிறு புத்தகமாக வந்தது 'விசாவுக்காகக் காத்திருத்தல்'. அதில் பாதிக்கு மேல் பயணம்தான். 1901இல் சின்னப் பையனாக அப்பாவைப் பார்க்கக் கிளம்பி மசூர் ஸ்டேஷனில் இறங்கினால், தீண்டாத பிள்ளைகள் என்று தெரிந்ததும் மாட்டு வண்டிக்காரன் வர மாட்டேன் என்கிறான். இரட்டை வாடகை கொடுத்து, வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட, வண்டிக்காரன் கூடவே வருகிறான். 1934இல் நடந்ததையும் எழுதியிருக்கிறார். இயக்கத்துத் தோழர்கள் சேர்ந்து வேரூல் குகைகளைப் பார்க்கப் போகிறார்கள். கூட்டத்துக்கு இல்லை, போராட்டத்துக்கு இல்லை. சுற்றிப் பார்க்க. வழியில் தௌலதாபாத் கோட்டைக் குளத்தில் கால் கழுவினதற்குச் சண்டைக்கு வருகிறார்கள். அந்த அவமானத்தைத்தான் எல்லோரும் எடுத்துச் சொல்கிறோம். அவ்வளவு வேலைக்கு நடுவிலும் அவர் ஊர் பார்க்கக் கிளம்பினார் என்பதை யாரும் சொல்வதில்லை. 'சும்மா' ஒரு இடத்துக்குப் போவது, நின்று பார்ப்பது, யாருக்கும் எந்தச் சேதியும் கொண்டு போகாமல் போவது, இதுவும் நமக்கு மறுக்கப்பட்டதுதான். இதையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் காலனியில் நாலு பேரைக் கூட்டி உட்கார வைத்துப் பேசினேன். எல்லாரும் எல்லா இடத்துக்கும் போக வேண்டும் என்பதில்லை, பங்கு போட்டுக்கொள்வோம் என்று முடிவாயிற்று. மேலவளவுக்கு ரெண்டு பேர், தாமிரபரணிக்கு ரெண்டு பேர். எங்கள் எல்லோர் பேராலும் அவர்கள் பூ போட்டுவிட்டு வருவார்கள். அடுத்த வருஷம் மாற்றிக்கொள்வது. எனக்கு 2 நாள் மிச்சம் ஆனது.

மே 1 வெள்ளிக்கிழமை. சிங்காரவேலர் 1923இல் இதே சென்னையில் முதல் முதலாகக் கொண்டாடின நாள், சட்டப்படி லீவு. சனிக்கிழமை ஒரு லீவு, ஞாயிறு சும்மா கிடைக்கிறது, திங்கள் ஒரு லீவு. வியாழன் ராத்திரி சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸ், காலையில் மேட்டுப்பாளையம். அங்கிருந்து ஊட்டிக்குப் பல்சக்கர ரயில், 1908இல் ஊட்டி வரைக்கும் போனது. ரிசர்வேஷன் 60 நாளுக்கு முன்னால் திறக்கிறது. ஏப்ரல் 30க்கு மார்ச் 1. அது ஞாயிற்றுக்கிழமையாக இருப்பது நல்லதாகப் போயிற்று, தாம்பரத்தில் காலை 8 மணிக்கு முன்னால் வரிசையில் நின்றுகொள்ளலாம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய பெட்டி ஒன்று பேரம் பேசி வாங்கி வைத்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரிக்குத்தான் லீவு வாங்குவது கஷ்டம். பக்கத்து வீட்டு அக்கா ரெண்டு வீடும் என் தங்கச்சி ரெண்டு வீடும் அந்த நாலு நாளும் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் எங்கேயாவது கிளம்பும்போது இவள் அவர்கள் வீடுகளைப் பார்த்துக்கொள்வாள். கம்பெனிக்கு லீவுச் சீட்டு 15 நாளுக்கு முன்னால் கொடுக்க வேண்டும். எழுதி வைத்துவிட்டேன். காரணம் என்கிற கட்டத்தில் 'ஊர் சுற்றிப் பார்க்க' என்று இருக்கிறது. சூப்பர்வைசர் என்ன கேட்பார் என்று பார்க்கலாம்.