துபாய்ப் பையனுக்கு ஒரு கிரெடிட் கார்டு

"அப்பா, நம்ம ஊர் பேங்க்ல எனக்கு ஒரு கிரெடிட் கார்டு வாங்கணும்" என்று பையன் துபாயிலிருந்து சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. என்னிடமே ஒன்று இருக்கிறது. கிசான் கிரெடிட் கார்டு. 1998-ல் வந்த திட்டம். பேர்தான் கார்டு, எங்கள் வீட்டில் அது ஒரு பாஸ்புக். பயிர்க்கடன் மூணு லட்சம் வரைக்கும் வட்டி ஏழு சதவீதம், தவணைக்குள் கட்டினால் அதில் மூணு கழிந்து நாலு. இதுதான் எனக்குத் தெரிந்த கிரெடிட் கார்டு. "உனக்கு எதுக்குடா, நீ என்ன குறுவையா நடப்போற?" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. அவன் எதை நினைத்துக் கேட்டான் என்று அப்புறம்தான் உறைத்தது.

எங்களுக்குப் பேராவூரணிப் பக்கம். கல்லணைக் கால்வாயின் கடைமடை. தென்னந்தோப்பு மூணு ஏக்கர். 2018 நவம்பர் 16 விடிகாலை கஜா அடித்ததில் இருநூறு மரத்துக்கு மேல் இருந்த தோப்பில் நாற்பது மிஞ்சியது. வேரோடு சாய்ந்து கிடந்த மரங்களுக்கு நடுவில் நின்றுகொண்டுதான் பையன் "நான் வெளிநாடு போறேம்ப்பா" என்றான். டிப்ளமோ முடித்திருந்தான். அடுத்த வருஷம் துபாய் போனவன், மாசம் தவறாமல் பணம் அனுப்புகிறான். தோப்பில் மறுபடி கன்று வைத்தது, நகையைத் திருப்பியது எல்லாம் அந்தப் பணத்தில்தான். கன்றுகள் இப்போது காய்க்க ஆரம்பித்துவிட்டன. ஒரு வெட்டுக்கு ரெண்டாயிரம் காய் வருகிறது.

போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை ராத்திரி. மழை. அம்மா கொல்லைப்பக்கம் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். ஆபரேஷன் பண்ணணும், இப்போதைக்கு ஐம்பதாயிரம் முன்பணம் கட்டுங்கள் என்றார்கள். என் கணக்கில் எட்டாயிரம் இருந்தது. அந்த வாரம்தான் உரம் போட்டிருந்தேன்.

பையனுக்குப் போன் போட்டேன். இங்கே மணி பதினொண்ணு, அங்கே ஒன்பதரை. அவன் பேரில் இங்கே ஒரு கணக்கு உண்டு, அதில் பணமும் இருந்தது. ஆனால் அந்தக் கணக்கோடு சேர்த்திருந்த இந்திய சிம்முக்கு ரீசார்ஜ் பண்ணாமல் விட்டு அது செத்துப்போயிருந்தது. சிம் இல்லை என்றால் ஓடிபி இல்லை. ஓடிபி இல்லை என்றால் பணம் நகராது, ஜிபேயும் கிடையாது. ஆஸ்பத்திரியில் ஒரு லிங்க் அனுப்பினார்கள். அவனுடைய துபாய் டெபிட் கார்டை அது ஏற்கவில்லை. எக்ஸ்சேஞ்ச் வழியாக அனுப்பினால் திங்கள்கிழமைதான் கிடைக்கும். சொந்தப் பணம் கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு எட்டவில்லை. போனில் அவன் அழுததை நான் காட்டிக்கொள்ளவில்லை. "நான் பாத்துக்கறேன், வை" என்றேன்.

அந்த நேரத்தில் யாரைக் கேட்பது? எங்களிடம் காய் எடுக்கிற வியாபாரியைக் கூப்பிட்டேன். முறைக்கு மாமா. விஷயத்தைச் சொல்லி முடிக்கவில்லை, "எவ்வளவு மாப்ள?" என்றார். "அம்பது." "வை, அனுப்புறேன்." ரெண்டே நிமிஷத்தில் கணக்கில் ஏறிவிட்டது. கையெழுத்து இல்லை, சாட்சி இல்லை, எதற்கு என்று ரெண்டாவது கேள்வி இல்லை. விடிந்ததும் அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தது.

திங்கள்கிழமை பையன் பணம் வந்தது. வியாழக்கிழமை ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக மாமா வீட்டுக்குப் போய்க் கொடுத்தேன். வட்டி எவ்வளவு என்று கேட்டதற்கு முறைத்தார். "அசிங்கமா பேசாத மாப்ள. அத்தைக்கு எப்புடி இருக்கு?"

இதோடு கதை முடிந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியதே இல்லை.

கார்த்திகையில் காய் வெட்டினோம். மாமா சொன்ன விலை, பக்கத்துத் தோப்புக்குப் போட்டதைவிடக் காய்க்கு ஒரு ரூபா குறைவு. வழக்கமாக நான் அரை மணி நேரம் மல்லுக்கட்டுவேன். அன்றைக்கு வாய் எழும்பவில்லை. ராத்திரி பதினொரு மணிக்குக் கொடுத்த மனுஷனிடம் ஒரு ரூபாய்க்கு எப்படிப் பேசுவது? அடுத்த வெட்டிலும் அதே கதை. ரெண்டு வெட்டு, நாலாயிரம் காய், நாலாயிரம் ரூபா. அவர் வேண்டுமென்றே செய்தாரா என்றால், சத்தியமாக எனக்குத் தோன்றவில்லை. வியாபாரி குறைத்துத்தான் கேட்பார், ஏற்றிக் கேட்க வேண்டியவன் நான். நான்தான் கேட்கவில்லை. ஐம்பதாயிரத்துக்கு அஞ்சு நாளில் நாலாயிரம் கட்டியிருக்கிறேன், வட்டி என்ற பேச்சே இல்லாமல்.

பையனிடம் இதைச் சொல்லவில்லை. வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். அதற்கப்புறம்தான் அந்தக் கார்டு பேச்சு வந்தது.

பொங்கலுக்கு இருபது நாள் லீவில் வந்தான். முதல் வேலை சிம். அவன் ஆதாரோடு போய் அதே நம்பரை மீட்டான். அப்புறம் பேங்க். மேனேஜர் ஒரு அம்மா, பொறுமையாகப் பேசினார். எடுத்த எடுப்பில் அவர் சொன்னது எங்களுக்கு அதிர்ச்சி. வெளிநாட்டில் வேலைக்குப் போனவர் சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாதாம். 1999-ம் வருஷத்து அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், ஃபெமா என்கிறார்கள். டிப்ளமோ படிக்கும்போது ஸ்காலர்ஷிப்புக்கு ஆரம்பித்த கணக்கை இத்தனை வருஷம் மாற்றாமல் வைத்திருந்தோம். "நெறைய பேர் இப்படித்தான் சார் வர்றாங்க" என்று அவரே தேற்றினார்.

பழைய கணக்கை என்ஆர்ஓ என்று மாற்றினார்கள். புதிதாக என்ஆர்இ என்று ஒன்று ஆரம்பித்தார்கள். பாஸ்போர்ட், விசா, துபாய் முகவரிக்கு அத்தாட்சி, பான் கார்டு, போட்டோ. ரெண்டு கணக்கு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. கடைமடைக்காரன் பாஷையில் யோசித்த பிறகு புரிந்தது. என்ஆர்இ ஆற்றிலிருந்து வருகிற வாய்க்கால். வெளிநாட்டில் சம்பாதித்த பணம் அதில் வரும், வேண்டுமானால் தடையில்லாமல் திரும்பப் போகும், வட்டிக்கு இங்கே வரி கிடையாது. என்ஆர்ஓ நம் ஊர்க் குளம். வாடகை, குத்தகை என்று இங்கேயே ஊறுகிற பணம் அதில் சேரும், வட்டியில் முப்பது சதவீதத்துக்கு மேல் வரி பிடித்துவிடுவார்கள், வெளியே கொண்டுபோக வரம்பும் உண்டு.

சரி, கார்டு? விண்ணப்பம் போட்டோம். நிராகரித்துவிட்டார்கள். காரணம் சிபில். 300-லிருந்து 900 வரைக்கும் அதில் மார்க் போடுகிறார்கள். பையனுக்கு மார்க்கே இல்லை. ஏனென்றால் அவன் வாழ்க்கையில் கடனே வாங்கியதில்லை. மேனேஜர் அம்மா என் மார்க்கையும் பார்த்தார். 750-க்கு மேல் இருந்தது. பயிர்க்கடன், நகைக்கடன், மறுபடி பயிர்க்கடன் என்று இருபது வருஷமாக வாங்கி வாங்கிக் கட்டினவன் நான். பிறந்ததிலிருந்து கடன்காரனாக இருக்கிற அப்பனை நம்பலாம், கடனே வாங்காத பிள்ளையை நம்ப முடியாது. பேங்க் வாசலில் நின்று ரெண்டு பேரும் சிரித்தோம். ஆனால் யோசித்தால் மாமாவும் அதே கணக்கில்தான் கொடுத்தார். எத்தனையோ முறை அவரிடம் முன்பணம் வாங்கிக் காயில் கழித்திருக்கிறேன். என் சிபில் அவர் மனசில் இருந்தது. பையனுடையது எங்கேயும் இல்லை.

இதற்கு ஒரு வழி உண்டு என்றார் மேனேஜர். வைப்புத்தொகை போட்டு அதன் பேரில் கார்டு. என்ஆர்இ கணக்கிலிருந்து ஒரு லட்சம் எஃப்டி போட்டால் எண்பதாயிரத்துக்குக் கார்டு. கார்டு இருக்கிற வரை எஃப்டியைத் தொட முடியாது. என்ஆர்இ எஃப்டி ஒரு வருஷத்துக்குக் குறையாமல் போட வேண்டும், அதற்குள் உடைத்தால் வட்டியே கிடையாது. அந்த ஒரு லட்சம் போர் மோட்டார் மாற்றுவதற்கு என்று அவன் சேர்த்து வைத்திருந்தது. "மோட்டார் அடுத்த வருஷம் பாத்துக்கலாம்ப்பா" என்றான். எனக்கு மனசு ஒப்பவில்லை. "அப்பாயி விழுந்த அன்னைக்கு மோட்டாரா வந்து நின்னுச்சு?" என்றான். அதற்கு மேல் நான் பேசவில்லை.

அவன் கார்டை நான் வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தோம். மேனேஜர் அம்மா அதையும் தடுத்தார். "அவர் கார்டை நீங்க தேய்க்கக் கூடாது சார். உங்க பேர்லயே ஒரு கூடுதல் கார்டு போட்டுக்கங்க. பில் அவருக்குப் போகும், ஓடிபி உங்க போனுக்கு வரும்." அப்படியே செய்தோம்.

மாசி மாசம் கூரியரில் வந்தது. பையன் அதற்குள் கிளம்பிவிட்டான். நான் தோப்பில் இருந்தேன், கூரியர் தம்பி அடையாள அட்டை பார்த்துத்தான் கொடுப்பேன் என்று காத்திருந்தார். ராத்திரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கூடவே வந்த தாளைப் படித்தேன். நகரத்தில் இருக்கிறவர்கள் அதைப் படிப்பதில்லை என்று பையன் சொன்னான். நான் முழுசாகப் படித்தேன். மாசத்துக்கு மூணரை சதவீதம் வட்டி என்று சின்ன எழுத்தில் இருந்தது. எங்கள் பாஷையில் மூணரை வட்டி. ஊரில் மூணு வட்டி வாங்குகிறவனை நாங்கள் என்ன பேர் சொல்லித் திட்டுவோம் என்று இங்கே எழுத முடியாது. இதில் அரை வட்டி கூட, அதற்கு மேல் ஜிஎஸ்டி. ஏடிஎம்மில் பணமாக எடுத்தால் அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். "குறைந்தபட்சத் தொகை" என்று ஒன்றைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதை மட்டும் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தால் மிச்சத்துக்கெல்லாம் மூணரை வட்டி.

உடனே பையனுக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவன் பொறுமையாகச் சொன்னான். கெடுவுக்குள் முழுசாகக் கட்டிவிட்டால் ஒரு பைசா வட்டி இல்லை. என்ஆர்இ கணக்கிலிருந்து மாசாமாசம் முழுத் தொகையும் தானாகப் போகிற மாதிரி எழுதிக் கொடுத்திருக்கிறான். துபாயில் அந்தக் கார்டைத் தேய்க்க மாட்டான், அங்கே தேய்த்தால் நாணயம் மாற்றுகிற கட்டணம் தனி. "இது நம்ம ஊருக்கு மட்டும்தாம்ப்பா. பாதி ராத்திரிக்கு."

ஒரு மாசம் கழித்துச் சும்மா தேய்த்துப் பார்க்கலாம் என்று எடுத்துக்கொண்டு போனேன். உரக்கடையில் மிஷின் இருக்கிறது. ஆனால் அது மானிய உரத்துக்குக் கைரேகை வைக்கிற மிஷின். கடைக்காரர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, பணமா இருக்கா?" என்றார். கடைசியில் பட்டுக்கோட்டையில் ஒரு மருந்துக்கடையில் அம்மாவுக்குக் கால்சியம் மாத்திரை வாங்கித் தேய்த்தேன். 640 ரூபா. ஓடிபியை எதிர்பார்த்துப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன், அந்தப் பையன் "பின் நம்பர் போடுங்க ஐயா" என்று மிஷினை நீட்டினான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காட்டினேன். இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். "தேய்க்கத் தேய்க்கக் கரையாதாடா?" என்று கேட்டார். "கரையும்மா. பேரன் கணக்குல கரையும்."

கார்டு இப்போது பீரோவில் ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதை எடுக்கிற நாள் வரக் கூடாது என்றுதான் வேண்டிக்கொள்கிறேன்.

போன வாரம் காய் வெட்டு. மாமா வந்து விலை சொன்னார். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "மாமா, கீழத் தோப்புக்கு ஒரு ரூபா கூடப் போட்டிருக்கீங்க" என்றேன். ஏறிட்டுப் பார்த்தார். "என்ன மாப்ள, ரெண்டு வெட்டா ஊமையா இருந்த. சரி, எட்டணா ஏத்திக்க." நான் விடவில்லை. வெயில் ஏறுகிற வரைக்கும் மல்லுக்கட்டி முக்கால் ரூபாயில் முடிந்தது. அவருக்கும் அது சந்தோஷமாகத்தான் இருந்த மாதிரி தெரிந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பேசிவிட்டு மோர் குடித்துவிட்டுத்தான் போனார்.

மறுபடி ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு அவசரம் வந்தால் கார்டு வேலை செய்யலாம், செய்யாமலும் போகலாம். அப்போதும் நான் முதலில் கூப்பிடுவது மாமாவைத்தான் என்று நினைக்கிறேன், தஞ்சாவூருக்கு வண்டியில் கூட வரச்சொல்லி. பணம் மட்டும் கேட்க மாட்டேன்.