வேலைக்குப் போதுமான கண்ணாடி

நாற்பதைத் தாண்டியவர்கள் செய்தித்தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் படிப்பார்கள். ஊசியில் நூல் கோக்கப் பேரனைக் கூப்பிடுவார்கள். வெள்ளெழுத்து என்று நாம் சொல்லும் இது நோயல்ல. கண்ணுக்குள் இருக்கும் வில்லை வயதோடு இறுகிப்போவதால் வருவது. வலை பின்னுகிறவர், பள்ளியில் பாடம் நடத்துகிறவர் என்று யாரையும் அது விடுவதில்லை. அந்த வயதுக்குப் பிறகும் நுணுக்கமான வேலையில் ஆசை இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பழவேற்காட்டுக் கரையில் உட்கார்ந்து பழைய படகுகளைச் சிறு மாதிரிகளாகச் செய்துவரும் பெரியவன் என்ற முறையில் எனக்குச் சொல்ல ஒன்று உண்டு: வேலைக்குப் போதுமான அளவு பெரிதாகக் காட்டுவதே நல்ல கண்ணாடி. அதற்கு மேல் காட்டினால் வேலை கெடும்.

இந்தப் படகுகளை ஏன் செய்து வைக்க வேண்டும்? டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையை எழுப்பினார்கள். அவர்களுடைய கப்பல்கள் கரையை ஒட்டி வர முடியாமல் கடலிலேயே நங்கூரம் போட்டன. துணிப் பொதிகளை அலை தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்த்தவை நம் கரையின் சிறு படகுகள். சோழமண்டலக் கரையின் மசூலா படகில் ஆணி கிடையாது. பலகையோடு பலகையைத் தென்னைநார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதும்போது அது வளைந்து கொடுக்கும், பிளக்காது. கட்டுமரமும் அப்படித்தான், மரங்களைக் கயிற்றால் பிணைத்தது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த ஃபைபர் படகுகள் கட்டுமரத்தின் இடத்தை வேகமாகப் பிடித்துக்கொண்டன. கூனங்குப்பத்திலும் லைட் ஹவுஸ் குப்பத்திலும் வளரும் பிள்ளைகளுக்கு அந்தத் தையலையும் முடிச்சையும் காட்ட வேண்டுமானால் யாராவது செய்துதான் காட்ட வேண்டும். பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஃபிரான்சுவா எட்மோன் பாரிஸ் 1840களில் வெளியிட்ட நூலில் நம் கரைப் படகுகளை அளவெடுத்து வரைந்திருக்கிறார். பிற்காலத்தில் லூவ்ர் அரண்மனையில் இருந்த கடற்படை அருங்காட்சியகத்துக்காகத் தம் வரைபடங்களிலிருந்து மாதிரிகளும் செய்வித்தார். வெளியூர்க்காரர் ஒருவர் பட்ட அக்கறையை நாம் படக்கூடாதா?

அளவு என்று வரும்போதுதான் கண்ணுக்குச் சோதனை. எட்டு மீட்டர் படகை இருபதில் ஒரு பங்காகச் செய்தால் மாதிரியின் நீளம் 40 செ.மீ. அசலில் 6 மி.மீ. தடிமனான கயிறு 0.3 மி.மீ. நூலாகிவிடும். அது நுழையும் துளை அதைவிடச் சற்றே பெரிதாக இருக்கும். 40 மி.மீ. கண்ணுள்ள வலையைச் செய்தால் ஒவ்வொரு கண்ணும் 2 மி.மீ.தான். நல்ல பார்வை உள்ள இளைஞருக்கே இது கடினம்.

கடைக்குப் போனால் பத்து மடங்கு, இருபது மடங்கு என்று எழுதிய லென்ஸ்கள்தான் முதலில் ஆசை காட்டும். வாங்குமுன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து மடங்கு லென்ஸில் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் பொருள் ஏறக்குறைய 2.5 செ.மீ. தூரத்தில் இருக்க வேண்டும். அந்த இடைவெளியில் ஊசியையும் இடுக்கியையும் விரலையும் எப்படி நுழைப்பது? தலையில் மாட்டிக்கொள்ளும் பட்டை லென்ஸில் பொதுவாக 1.75 மடங்குக்குச் சுமார் 35 செ.மீ., இரண்டு மடங்குக்கு 25 செ.மீ., இரண்டரை மடங்குக்கு 20 செ.மீ., மூன்றரை மடங்குக்கு 10 செ.மீ. என்று வேலைத் தூரம் குறைந்துகொண்டே வரும். தூரம் குறையும்போது தெரியும் பரப்பும் சுருங்கும், தெளிவாக இருக்கும் ஆழமும் குறையும். தலை சற்று ஆடினாலும் எல்லாம் கலங்கிவிடும். தைத்த படகில் கயிறு பலகைக்கு உள்ளும் புறமும் போய் வருகிறது. மேல் விளிம்பு தெளிவாகத் தெரிந்து அடி விளிம்பு மங்கினால் ஊசி தடுமாறும். ஆகவே பாய்க்கயிறு கட்ட 1.75 மடங்கும், தையலுக்கு இரண்டு முதல் இரண்டரை மடங்கும் போதும். பத்து மடங்கு லென்ஸ் ஒன்று இருக்கட்டும். முடித்த வேலையில் பிசிறு இருக்கிறதா என்று சோதிக்க மட்டும் அதை எடுங்கள்.

அடுத்தது, இரண்டு கண்ணாலும் பார்க்க முடிகிறதா என்பது. வாட்ச் பழுது பார்ப்பவர் ஒற்றைக் கண்ணில் செருகிக்கொள்ளும் லென்ஸ், மேசைமேல் அசையாமல் கிடக்கும் பொருளுக்கு ஏற்றது. துளைக்குள் ஊசி இறங்கும் ஆழத்தைக் கணிக்க இரு கண்ணும் சேர்ந்து பார்ப்பது பெரிய உதவி. கையில் பிடிக்கும் பூதக்கண்ணாடி ஒரு கையையே எடுத்துக்கொள்ளும். விளக்கோடு மேசையில் பொருத்தும் பெரிய லென்ஸில் இரு கையும் வேலைக்குக் கிடைக்கும், இரு கண்ணுக்கும் இடம் இருக்கும். அதன் திறனை 3 டயாப்டர் என்று குறித்திருந்தால் சுமார் 1.75 மடங்கு, 5 டயாப்டர் என்றால் சுமார் 2.25 மடங்கு. பக்கத்தில் ஒரு பிள்ளையை உட்கார வைத்துக் கற்றுக்கொடுக்க இதைப்போல் வேறில்லை.

பெரிதாக்குவதற்கு முன் வெளிச்சத்தைக் கவனியுங்கள். நல்ல விளக்கு ஒன்றை இடப்புறம் வைத்தால் வலக்கைக்காரரின் வேலைமேல் நிழல் விழாது. அதன்பின் குறைந்த மடங்கே போதுமென்று தெரியவரும். நம் கரைக்கு இன்னும் இரண்டு கவனம் தேவை. உப்புக்காற்றில் லென்ஸ்மேல் உப்பு படியும். அப்படியே துடைத்தால், அதுவும் பிளாஸ்டிக் லென்ஸாக இருந்தால், கீறல் விழும். நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றுங்கள். வெயில் படும் இடத்தில் லென்ஸை மூடாமல் விட்டுப் போகாதீர்கள். ஓலைக் கொட்டகையில் தென்னைநாரும் வலையும் கிடக்க, அது தீயை மூட்டிவிடும்.

எந்தக் கண்ணாடி என்பதைத் தீர்மானிப்பது அதன் வலிமை இல்லை, நாம் காண விரும்பும் பொருள்தான். டெல்ஃப்ட் நகரத்து லேவன்ஹூக் துணி வணிகர். பழவேற்காட்டின் துணி டச்சுக் கப்பல்களில் ஏறிக்கொண்டிருந்த 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். துணியின் நூல்களை எண்ணச் சில மடங்கு பெரிதாக்கும் லென்ஸே அந்தத் தொழிலுக்குப் போதும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களைப் பார்க்கப் புறப்பட்டபோதோ, 200 மடங்குக்கு மேல் காட்டும் வில்லைகளைத் தம் கையாலேயே செய்தார். நுண்ணுயிர் பார்த்த வில்லையை வைத்துத் துணி வாங்க முடியாது.

கண்ணாடிக் கடைக்குப் போகுமுன் கண் மருத்துவரிடம் போங்கள். மங்கல் எல்லாம் வெள்ளெழுத்து ஆகாது. கண்புரை இருக்கலாம், சர்க்கரை நோய் விழித்திரையைத் தொட்டிருக்கலாம். ஆண்டுக்கணக்கில் வெயிலும் நீரின் கூசலும் பட்ட மீனவர் கண்ணில் சதை வளர்ந்திருக்கலாம். லென்ஸ் எதையும் குணப்படுத்தாது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமியை இங்கே நினைக்கிறேன். இளம் வயதிலேயே முடக்குவாதம் அவர் விரல்களைக் கோணலாக்கியது. தம் விரலுக்கு ஏற்ற கருவிகளை அமைத்துக்கொண்டு கண்புரை அறுவை செய்யப் பழகினார். அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பின் 58 வயதில், 1976இல், 11 படுக்கைகளோடு அந்த மருத்துவமனையைத் தொடங்கினார். தம் கை எப்படி இருக்கிறதோ அதை ஒப்புக்கொண்டு அதற்குத் தக்க கருவியைத் தேடிய மனிதர் அவர். ஊன்றுகோலுக்கும் கண்ணாடிக்கும் கூச்சப்படுகிற முதியவர்கள் அவரிடம் கற்க வேண்டும்.

கண்ணின் பாரத்தைக் கையும் பகிர்ந்துகொள்ளும். பழவேற்காடு ஏரியின் கலங்கிய ஆழமற்ற நீரில் இருளர் பெண்கள் கையால் தடவியே இறாலைப் பிடிக்கிறார்கள். அவர்களுக்கு விரல்தான் கண். மாதிரிப் படகின் முடிச்சையும் முதலில் தடித்த கயிற்றில் போட்டுப் பழகுங்கள். விரலுக்கு வழி தெரிந்துவிட்டால் லென்ஸ் இடத்தை மட்டும் காட்டினால் போதும்.

வயது எனக்குக் கற்றுக்கொடுத்ததும் இதுதான். ஒரே தையலை மிகக் கிட்டத்தில் பார்த்துக்கொண்டிருந்தால் படகின் வளைவு கண்ணிலிருந்து தப்பிவிடும். ஒரு மனிதரின் ஒரு குறையையே உற்றுப் பார்ப்பவருக்கு அந்த மனிதரும் அப்படியே தப்பிவிடுவார். திருத்துவதற்கு எவ்வளவு நெருக்கம் தேவையோ அவ்வளவு நெருங்க வேண்டும். பிறகு தலையை நிமிர்த்தி முழுப் படகையும் பார்க்க வேண்டும்.

ஆகவே கடைக்குப் போகும்போது துளையிட்ட பலகைத் துண்டு ஒன்றையும் ஊசியையும் நூலையும் எடுத்துப் போங்கள். வழக்கமாகப் போடும் மூக்குக்கண்ணாடியோடு, வேலை செய்யும் நிலையிலேயே உட்கார்ந்து பாருங்கள். குறைந்த மடங்கிலிருந்து தொடங்குங்கள். இரு கண்ணுக்கும் துளை தெளிவாகத் தெரிந்து, ஊசி எதிலும் இடிக்காமல் போய்வரும் முதல் லென்ஸையே வாங்குங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மிச்சப் பணத்தில் ஒரு நல்ல விளக்கு வரும்.