எங்க பாட்டுக்கு ஓனர் யாரு பாஸ்?

காதுல இருக்கிற ஹெட்போனைக் கொஞ்சம் கழற்றி வைங்க. அஞ்சு நிமிஷம் பேசணும்.

நான் படிக்கிறது திருவேட்டக்குடியில. என்.ஐ.டி. புதுச்சேரி, மூணாவது வருஷம். பேர்லதான் புதுச்சேரி, காலேஜ் இருக்கிறது காரைக்கால்ல! (எந்த டிபார்ட்மென்ட்னு மட்டும் கேட்காதீங்க, அரியர் ஞாபகம் வந்துடும்.) சைக்கிளை மிதிச்சா கடல் வந்துடும். போன வருஷம் அந்தக் கடற்கரையிலதான் எங்க வில்லங்கம் ஆரம்பிச்சது.

என் ரூம்மேட் கீபோர்டு வாசிப்பான், ட்யூன் போடுவான். அவனுக்குப் பக்கத்து மீனவ கிராமத்துல ஒரு தாத்தா பழக்கம். கட்டுமரக் காலத்து ஆள். வலை இழுக்கிறப்போ பாடுற அம்பாப் பாட்டை அவர் எடுத்துவிட்டார்னா நம்ம கையும் தானா கயிறு இழுக்கும்! அவர் பாடினதை மொபைல்ல பதிவு பண்ணினோம். ரூம்மேட் அதைச் சுத்தி ஒரு ட்யூன் போட்டு ரெண்டு சரணம் எழுதினான். ஹாஸ்டல் ரூம் ஜன்னல்ல போர்வையைத் தொங்கவிட்டு, ஃபேனை நிறுத்திட்டு, ராத்திரி ரெண்டு மணிக்கு மிச்ச ரெக்கார்டிங். மே மாசம், காரைக்கால், ஃபேன் கிடையாது... நீங்களே யோசிச்சுக்கோங்க!

பாட்டோட ஒரு துண்டை இன்ஸ்டாவில் போட்டதும் ஒரு சின்ன மியூசிக் லேபிள்ல இருந்து மெசேஜ். 'உங்க பாட்டை எல்லா ஆப்லயும் ரிலீஸ் பண்றோம், அட்வான்ஸ் 4,000 ரூபாய்.' கூடவே 11 பக்க பி.டி.எஃப். மெஸ் கியூவில் நின்னுக்கிட்டே கையெழுத்தைப் போட்டோம். அன்னிக்கு சிக்கன்.

ரெண்டு மாசம் கழிச்சு எங்க கல்ச்சுரல்ஸ் வீடியோவை யூடியூப்ல ஏத்தினா, 'இதில் உள்ள ஆடியோ வேறொருவருக்குச் சொந்தமானது'ன்னு நோட்டீஸ். எங்க குரலு... எங்க போர்வை... எங்க வியர்வை! அப்புறம்தான் அந்த 11 பக்கத்தைப் படிச்சோம். ரெக்கார்டிங் உரிமை 'உலகம் முழுக்க, என்றென்றும்' அவங்களுக்கு. அட்வான்ஸும் புரமோஷன் செலவும் எங்க பங்குல இருந்து கழிக்கப்படும். முதல் கணக்குச் சீட்டு வந்தது: மைனஸ் 6,200 ரூபாய். பாட்டும் கொடுத்து கடன்காரனும் ஆன கதை!

சரி, மேட்டருக்கு வருவோம். பாட்டுன்னு நாம சொல்றது சட்டத்துல ஒரே பொருள் இல்ல. மெட்டு ஒண்ணு, வரி ஒண்ணு, அதைப் பாடிப் பதிஞ்ச ஒலிப்பதிவு இன்னொண்ணு. 1957-ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டம் மூணையும் தனித்தனியா வைக்குது. மெட்டுக்கும் வரிக்கும் படைச்சவர் ஆயுசும், அதுக்கப்புறம் 60 வருஷமும். ஒலிப்பதிவுக்கு வெளிவந்ததுல இருந்து 60 வருஷம். லேபிள்காரங்க சாம்ராஜ்யம் முழுக்க அந்த மூணாவது பொருள் மேலதான் நிக்குது.

'குட் பேட் அக்லி' நினைவிருக்கா? 2025 ஏப்ரல்ல படம் வந்ததும் இளையராஜா தரப்பு நோட்டீஸ் அனுப்பிச்சு. படக்குழு, 'நாங்க லேபிள்கிட்ட அனுமதி வாங்கிட்டோம்'னாங்க. செப்டம்பர்ல ஐகோர்ட் அந்தப் பாட்டுகளுக்கு இடைக்காலத் தடை போட்டுச்சு. டீக்கடையில் இதை 'ராஜா சார் ஏன் இப்படிப் பண்றாரு'ன்னு பேசறோம். உண்மையில் அது மெட்டுக்கு ஓனர் யாரு, பதிவுக்கு ஓனர் யாருங்கிற சண்டை. 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம், எக்கோ மாதிரியான கம்பெனிகளோட ஒலிப்பதிவு உரிமை செல்லும்னு சொல்லிட்டு, படைப்பாளிங்கிற தார்மிக உரிமை ராஜாவுக்கு உண்டுன்னும் சொல்லுச்சு. அப்பீல் விசாரணையில், 2024-ல் நீதிபதிகள் கேட்ட கேள்விதான் செம: அப்போ பாட்டு எழுதினவரும் உரிமை கேட்டா என்ன ஆகும்?

இந்தச் சிக்கலோட வேர் சினிமா. படத்துக்கு மியூசிக் போடச் சொல்லி காசு கொடுத்தவர் தயாரிப்பாளர். வேற ஒப்பந்தம் இல்லைன்னா முதல் ஓனர் அவர்தான்னு 1977-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. அவர் ஆடியோ ரைட்ஸை லேபிளுக்கு வித்துடுவார். அதே தீர்ப்புல கிருஷ்ணய்யர், பாடுறவங்களுக்குச் சட்டத்துல எதுவுமே இல்லையேன்னு தனியா ஒரு குறிப்பு எழுதினார். பாடகர், கலைஞர்களுக்கான உரிமை 1994 திருத்தத்துலதான் வந்துச்சு. ஜாவேத் அக்தர் ராஜ்யசபாவுல குரல் கொடுத்து, 2012-ல் இன்னொரு திருத்தம். கவிஞரும் இசையமைப்பாளரும் உரிமையை எழுதிக் கொடுத்தாலும், ராயல்டியில சம பங்கை விட்டுக்கொடுக்க முடியாது. விட்டுக்கொடுத்தேன்னு கையெழுத்தே போட்டாலும் செல்லாது!

அதனால என் ரூம்மேட்டோட மெட்டும் வரியும் இன்னும் சம்பாதிக்கலாம். அதுக்கு அவன் ஐ.பி.ஆர்.எஸ்.ங்கிற சொசைட்டியில சேரணும், பாட்டைப் பதிவு பண்ணணும். அது 1969-ல இருந்தே இருக்கு. எங்க செட்ல ஒருத்தனுக்கும் தெரியாது.

இன்னொரு விஷயம் படிச்சப்போ வயிறு எரிஞ்சுது. ஒப்பந்தத்துல எத்தனை வருஷம்னு எழுதலைன்னா சட்டமே அஞ்சு வருஷம்னு எடுத்துக்கும். எந்த ஊர்னு எழுதலைன்னா இந்தியா மட்டும். அதாவது சட்டம் நம்ம பக்கம் ஒரு தலையணை போட்டு வெச்சிருக்கு. நாங்கதான் 'உலகம் முழுக்க, என்றென்றும்'னு கையெழுத்துப் போட்டு அதை உருவிட்டோம்.

லேபிள்காரங்க எல்லாரும் வில்லன்னு சொல்ல வரல. பத்துப் பாட்டுக்குக் காசு போட்டா ஒண்ணுதான் ஓடும். அந்த ஒண்ணுதான் மிச்ச ஒன்பதோட நஷ்டத்தைத் தாங்கணும். அதுக்காகத்தான் உரிமையைக் கேக்கறாங்க. புரியுது. ஆனா, ஹிட் ஆனா மட்டும் காசு கொட்டிடும்னும் நினைக்காதீங்க. 2021-ல வந்த 'எஞ்சாய் எஞ்சாமி'யைக் கேட்காத ஆள் உண்டா? மூணு வருஷம் கழிச்சு, 2024 மார்ச்சில், தனக்கும் தீக்கும் அறிவுக்கும் அந்தப் பாட்டுல இருந்து வருமானமே வரலைன்னு சந்தோஷ் நாராயணன் வீடியோ போட்டார். அது அவர் தரப்பு. கோடிக்கணக்குல வியூஸ் வந்த பாட்டுக்கே இப்படி ஒரு பேச்சு.

மியூசிக் பிசினஸ் படிக்கணும்னு ஆசைப்படுற ஃப்ரெண்ட்ஸ், ஸ்டுடியோவுக்கு முன்னாடி அக்ரிமென்ட் படிக்கக் கத்துக்கோங்க. உரிமையை விக்கிறோமா, வாடகைக்கு விடுறோமா? எதைக் கழிச்ச பிறகு எங்க பங்கு? கணக்கை நாங்க சரிபார்க்க முடியுமா? அடுத்தது எங்க ஏரியா, டேட்டாபேஸ். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் 12 எழுத்து ஐ.எஸ்.ஆர்.சி. கோடு உண்டு. கோடு தப்பா இருந்தா, பேர் விட்டுப்போனா, பணம் வழியிலேயே நின்னுடும். டி.பி.எம்.எஸ். கிளாஸ்ல தூங்கினேனே... அதோட அருமை இப்பத்தான் புரியுது.

பேர்னதும்தான் தாத்தா விஷயம். ஆப்ல எங்க பாட்டைத் திறந்தா ரூம்மேட் பேர் இருக்கு, என் பேர்கூட இருக்கு. அவர் பேர் இல்ல. 'பாரம்பரியப் பாடல்'னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அம்பாப் பாட்டு யாருக்கும் சொந்தமில்லைதான். ஆனா, பாடின குரல் அவரோடது. பாடினவர்னு தன் பேரைப் போடச் சொல்ற உரிமை அவருக்கு இருக்கு. 2012 திருத்தம்தான் அதையும் கொடுத்துச்சு. உரிமையை வித்துட்டாலும் அது போகாது.

லேபிளைத் திட்டி மெயில் டைப் பண்ண உட்கார்ந்தப்போதான் உறைச்சுது. ஃபார்ம்ல தாத்தா பேரை எழுதாம விட்டது யாரு? நாங்க. அவர்கிட்ட ஒரு சம்மதம் எழுதி வாங்கினோமா? இல்ல. 4,000 ரூபாய் அட்வான்ஸ்ல அவருக்குப் போனது ஒரு கிலோ ஸ்வீட். லேபிள் எங்களுக்கு 11 பக்கமாவது கொடுத்துச்சு. நாங்க அவருக்கு அதைக்கூடக் கொடுக்கல.

மெயிலை மாத்தி எழுதி அனுப்பினோம். ஒரு ஆப்ல பேர் வந்துடுச்சு. இன்னும் மூணு ஆப் பாக்கி. வாரா வாரம் திங்கட்கிழமை ஞாபகப்படுத்தறோம். தாத்தாகிட்ட நேர்ல போய் மன்னிப்பு கேட்டு, எங்க பங்குல வர்றதுல (வந்தா!) அவருக்கு எவ்வளவுன்னு ஒரு பக்கத்துல தமிழ்ல எழுதி நீட்டினோம். அவர் வாங்கி, முழுசாப் படிச்சார். ஒரு இடத்துல விரலை வெச்சு, "தம்பி, 'என்றென்றும்'னு போட்டிருக்கியே, இது என்னத்துக்கு?"ன்னார்.

அந்த வார்த்தையை அடிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.