ஸ்பீடு இருக்கு, பேச்சு வர மாட்டேங்குது

மஞ்சள் வெட்டு முடிஞ்சு, களத்துல காய வெக்கிற வேலை ஓடிட்டிருக்கு. இந்த வாரம் காட்டை விட்டுட்டு, வீட்டுக்குள்ள ஓடுற இன்னொரு வாய்க்காலைப் பத்தி எழுதறேன். அதுதான் நெட் லைன். டவுன்ல இருக்கிற உங்களுக்கும் இந்தச் சங்கதி உதவும்.

எங்க வீட்டு ரவுட்டர் கடையில வாங்கினது இல்லீங்க. ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டி. கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் வேலை பாக்கிற என் அக்கா மகன், ரெண்டாவதா ஒரு நெட்வொர்க் கார்டைச் சொருகி, ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி.ங்கிற இலவச சாஃப்ட்வேரை ஏத்திக் குடுத்தான். கடை ரவுட்டர் பலதுல டேட்டாவைத் தள்ளி விடறதுக்குன்னே தனி சிப்பு இருக்கும். இந்தப் பெட்டியில எல்லா வேலையும் பிராசசர் தலையிலதான். ஆனா உள்ள என்ன நடக்குதுன்னு திறந்து பாக்கலாம், மாத்தலாம்.

என் மக ஒரு பெங்களூர் கம்பெனிக்கு வீட்டுலிருந்தே வேலை பாக்கறா. வாடிக்கையாளர்கிட்ட பேசற வேலை, பேச்செல்லாம் நெட்டு வழியாத்தான். தை மாசத்துலிருந்து ஒரு தொந்தரவு. பொழுதோட ஆறு மணி தாண்டினா, இவ பேசி முடிச்ச பொறவும் அந்தப் பக்கம் "ஹலோ, ஹலோ"ன்னு கேட்டுட்டே இருப்பாங்க. ரெண்டு பேர் பேச்சும் ஒண்ணு மேல ஒண்ணு விழும். மாசக் கடைசிக்குள்ள லைன் சரியாகலைன்னா பெங்களூர் வந்து ஆபீஸ்ல உக்காரணும்னு கம்பெனியில சொல்லிட்டாங்க. மாப்பிள்ளை துபாய்ல. பேரன் இங்க ஒண்ணாப்பு படிக்கறான். இவ கிளம்பினா அவனும் கிளம்பணும். வீட்டுல நானும் சம்சாரமும் மட்டுந்தான் மிச்சம்.

லைன் குடுத்தவங்க வந்து ஸ்பீடு டெஸ்ட் போட்டாங்க. இறங்கறது 40, ஏறுறது 10, சொன்னது சொன்னபடி வருது. "வேணும்னா 100 பிளான் போட்டுக்குங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. "ஏனுங்கப்பா, ஸ்பீடு இருக்குது, பேச்சு மட்டும் வர மாட்டேங்குதுங்களே"ன்னா மக.

இங்கதான் ஒரு வித்தியாசம் புரியணும். ஸ்பீடுங்கறது வாய்க்காலோட அகலம். தாமதங்கறது திறந்த தண்ணி வந்து சேர ஆகற நேரம். எங்க கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர். பவானிசாகர்ல மதகு தூக்கினா கடைமடைக்குத் தண்ணி எட்ட நாள் கணக்காகும். அதே 200 கிலோமீட்டரை கண்ணாடி இழைக்குள்ள போற வெளிச்சம் ஒரு மில்லிசெகண்டுல தாண்டிடும். ஒரு செகண்டை ஆயிரமாப் பிரிச்சா அதுல ஒண்ணு. போன் பேச்சுக்கு, ஒரு பக்கம் போற தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள்ள இருந்தா நல்லதுன்னு உலகத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐ.டி.யூ. சொல்லியிருக்கு. பெங்களூர் என்ன அவ்வளவு தூரமா? அப்ப நேரம் எங்கியோ வழியில நிக்குது.

வயலுக்குத் தண்ணி வரலைன்னா நாங்க வயல்லிருந்து மதகு வரைக்கும் கரையோட நடந்து பாப்போம். அதையே இங்கயும் செஞ்சோம். அக்கா மகன் போன்ல சொல்லச் சொல்ல, மக லேப்டாப்ல பிங் கட்டளை போட்டா. ஒரு சின்னத் துண்டை அனுப்பி, அது போய்த் திரும்பி வர எத்தனை மில்லிசெகண்டுன்னு அது காட்டும். நான் நோட்டுல எழுதினேன்.

முதல்ல லேப்டாப்லிருந்து எங்க ரவுட்டர் வரைக்கும். கேபிள்ல ஒண்ணுக்கும் கீழ. வைஃபைல நாலு, அஞ்சு, நடுவுல ஒருக்கா 60. அதனால மக உக்கார்ற இடத்துக்கு முதல் வேலையா ஒரு கேபிள் இழுத்தோம். ரெண்டாவது, எங்க பெட்டியைத் தாண்டி லைன்காரங்களோட முதல் பெட்டி. டிரேஸ்ரூட்ங்கிற கட்டளை அதோட நம்பரைக் காட்டும். மூணாவது, கூகுளோட 8.8.8.8.

காலையில எல்லாரும் காட்டுக்குப் போன நேரத்துல, ரெண்டாவதுக்கு 7, மூணாவதுக்கு 20. பொழுதோட ஏழு மணிக்குப் பாத்தா ரெண்டாவதுக்கு 610, மூணாவதுக்கு 623. நடுவுல இருக்கிற 13 அப்படியே இருக்கு. அதாவது வெளியூர்ப் பாதையில கோளாறு இல்ல. எங்க வீட்டுக்கும் லைன்காரங்க முதல் பெட்டிக்கும் நடுவுலதான் அந்த 600-ம் நிக்குது. ஒரு விசயம் கவனிங்க. வழியில இருக்கிற பெட்டி சில சமயம் பிங்குக்கு மட்டும் சோம்பலா பதில் சொல்லும். அதுக்கு அடுத்த பெட்டிக்கும் சேர்ந்து ஏறினாத்தான் அது நிசமான தாமதம்.

அப்புறம் வீட்டுல ஒவ்வொண்ணா அணைச்சுப் பாத்தோம். மஞ்சள் களத்துக்குன்னு தையில மாட்டின மூணு கேமராவை நிறுத்தினதும் பாதி இறங்குச்சு. பொழுதோட வீடு வந்து சேர்ற போனுங்க போட்டோவை மேல ஏத்தறதை நிறுத்தினதும் 9-க்கு வந்துடுச்சு.

ஏன் இப்படி? ஏத்தற லைன் 10 மெகாபிட்டுன்னா செகண்டுக்கு 1250 கிலோபைட் போகும். கேமராவும் போனும் அதுக்கு மேல தள்ளினா, மிச்சம் மோடத்துக்குள்ள வரிசை கட்டும். வெறும் 750 கிலோபைட் நின்னாப் போதும், கடைசியில நிக்கறதுக்கு 600 மில்லிசெகண்டு தாமதம். ஒரு போன் போட்டோவே அதைவிடப் பெருசு. மக பேசற ஒவ்வொரு துண்டும் அந்த வரிசைக்குப் பின்னாடிதான் நின்னிருக்கு.

2010-ல அமெரிக்காவுல ஜிம் கெட்டிஸ்ங்கற இஞ்சினியருக்கும் அவர் வீட்டுலயே இதேதான் நடந்துச்சு. அவர் இதுக்கு பஃபர்புளோட்னு பேர் வெச்சாரு. தொட்டி ஊதிப் போச்சுன்னு வெச்சுக்கலாம். 2012-ல கேத்லீன் நிக்கோல்ஸ், வான் ஜேக்கப்சன் ரெண்டு பேரும் கோடல்னு ஒரு வழி சொன்னாங்க. வரிசையில நிக்கற நேரம் 5 மில்லிசெகண்டுக்கு மேலயே தொடர்ந்து நின்னா, சில துண்டுகளைக் கழிச்சுடும். அனுப்பறவன் அதைப் பாத்து வேகத்தைக் குறைச்சுக்குவான். அதே சோலியை இன்னும் திருத்தமா செய்யற கேக்ங்கிறது 2018-ல லினக்ஸோட சேர்ந்துச்சு. எங்க பெட்டியிலயும் லினக்ஸ்தான்.

எஸ்.கியூ.எம்.னு ஒரு பொதியை நிறுவி, கேக்கைத் தேர்ந்தெடுத்து, இறங்கறதுக்கு 36000, ஏறுறதுக்கு 9000 கிலோபிட்னு போட்டோம். இருக்கிற லைன்ல பத்துல ஒரு பங்கு குறைச்சு. கேட்கறதுக்கு நட்டம் மாதிரி இருக்கும். ஆனா அப்பத்தான் வரிசை மோடத்துல நிக்காம எங்க பெட்டியில நிக்கும். மோடத்துக்கு நியாயம் தெரியாது, எங்க பெட்டிக்குத் தெரியும். மாவு மில்லுல மூட்டையோட நிக்கறவங்களுக்கு நடுவுல ரெண்டு படி கொண்டு வந்தவரை முன்னாடி விடுவாங்க பாருங்க, அந்த மாதிரி பேச்சுத் துண்டுகளை முன்னாடி விட்டுடும்.

இதெல்லாம் பிராசசர் செய்யற வேலைங்கறதால அதையும் பாக்கணும். டாப்ங்கிற கட்டளையில கேசாஃப்ட்ஐஆர்கியூடிங்கற பேர் மேலயே நின்னா, பெட்டி மூச்சு வாங்குதுன்னு அர்த்தம். அப்ப பெட்டியே தாமதம் பண்ணும். 40 லைனுக்கு எங்க பழைய பெட்டி அசரவே இல்ல. பல நூறு மெகாபிட் லைனுக்குச் சின்னப் பெட்டி தாங்காது.

அன்னைக்கு ராத்திரி மூணு கேமரா, நாலு போன் எல்லாத்தையும் ஓட விட்டுப் பிங் போட்டோம். 8.8.8.8-க்கு 27. கேபிளுக்கு 350 ரூபாய், மத்தபடி செலவில்ல. 100 பிளான் போட்டிருந்தா வரிசை கொஞ்சம் வேகமா நகர்ந்திருக்கும், ஆனா வரிசை வரிசைதான். தூரத்தால வர்ற தாமதத்தை மட்டும் யாராலயும் குறைக்க முடியாது. அமெரிக்காவுக்குப் போய்த் திரும்ப 200-க்கு மேல ஆகத்தான் செய்யும்.

உங்க வீட்டுலயும் பேச்சு இழுத்துச்சுன்னா, பிளானை மாத்தறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை பிங் போடுங்க. வீடு சும்மா இருக்கையில ஒருக்கா, பெரிய வீடியோ ஒண்ணை மேல ஏத்திட்டே ஒருக்கா. ரெண்டுக்கும் நடுவுல நூறு, இருநூறு வித்தியாசம் வந்தா அது வரிசை. ரவுட்டர்லயே சரி பண்ணிடலாம்.

கம்பெனியில ரெண்டு நாள் மகளோட அழைப்பைக் கேட்டுப் பாத்தாங்க. இனி மூணு மாசத்துக்கு ஒருக்கா பாத்துக்கறோம்னு சொல்லியிருக்காங்க. பேரனுக்கு அடுத்த வருசப் புத்தகம் இங்கயே வாங்கலாம்னு சம்சாரம் சொல்லிட்டிருக்கா.