அத்தைக்கு ஒரு கிதார்

வீட்டில் எலி புகுந்துவிட்டது என்று ஒரு வாரமாக என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் பின்கட்டு அறையிலிருந்து 'டிணுக், டிணுக்' என்று மெல்லிய சத்தம் வரும். பொறி வைத்தோம். பொறிக்குள் மசால் வடை வைத்தோம். வடை காய்ந்ததே தவிர எலி விழவில்லை. எட்டாம் நாள் டார்ச் விளக்கும் கையுமாக நானே போய்க் கதவைத் தள்ளினேன். கட்டிலின் விளிம்பில் என் மாமியார் உட்கார்ந்திருந்தார்! சென்னைக்கு வேலைக்குப் போன என் மகன் வீட்டில் போட்டுவிட்டுப் போன எலெக்ட்ரிக் கிதார் அவர் மடியில் இருந்தது.

"சத்தம் வெளியிலே கேட்காதுன்னு நினைச்சேம்மா" என்றார் அத்தை, பலகாரம் எடுத்து அகப்பட்டுக்கொண்ட குழந்தையைப் போல.

அவர் நினைத்ததில் தப்பில்லை. எலெக்ட்ரிக் கிதார் கெட்டிக் கட்டையில் செய்தது. சாதாக் கிதாரைப் போல் வயிற்றில் பொந்து கிடையாது. ஆம்ப்ளிபயரோடு சேர்க்காவிட்டால் அதன் குரல் அடுத்த அறையைத் தாண்டாது. ஆனால் அது ஏப்ரல் மாதக் கடைசி. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்பது சட்டம். மற்ற நாட்களில் படகுத் துறையின் இரைச்சலில் இடி இடித்தால்கூட எங்கள் கோட்டைப்பட்டினத்தில் கேட்காது. தடைக்காலத்து ராத்திரியிலோ கொசு பாடினாலும் கேட்கும். அத்தை அகப்பட்டது அதனால்தான்.

அத்தைக்கு வயது 68. புதுக்கோட்டையில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வீணை அவருக்குக் கைவந்த கலை. அப்படியிருக்க, எங்கள் வீட்டில் வீணை ஏன் இல்லை என்று கல்யாணமாகி வந்த நாளாய் நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அத்தையின் கைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வளையல் கடையில் 2-2 அளவு கேட்டு வாங்குவார். அதுவும் மணிக்கட்டில் தளர்ந்து ஊசலாடும். சின்னஞ்சிறு கை. போதாததற்கு இடக்கைக் கட்டைவிரல் மூட்டில் வாதம். வீணைக்குச் சின்னக் கை ஒரு குறையே அல்ல. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் ஜோடியாக வைத்துத் தந்தியின்மேல் ஓட்டுவதுதானே வீணை! மொத்தக் கையும் மெட்டுக்கு மெட்டு நகர்ந்து போகும். கிதார் அப்படியில்லை. கை ஓரிடத்தில் நிற்க, நாலு விரலும் நாலு மெட்டுக்கு எட்ட வேண்டும். அத்தையின் சுண்டு விரல் நாலாவது மெட்டை எட்டுவதற்குள் ஆள்காட்டி விரல் முதல் மெட்டைக் கைவிட்டுவிடும்.

"இது பெரிய மனுஷங்க வாத்தியம் போலிருக்கு" என்றார் அத்தை, ஒரு கிழவி சொல்லக்கூடிய வாக்கியமா இது!

அவருக்கு ஏற்ற கிதார் ஒன்று வாங்கிக் கொடுக்கலாமே என்று நான் பேச்செடுத்தபோது என் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கு ஐஸ் வியாபாரம். படகு போகாவிட்டால் ஐஸுக்கு ஏது கிராக்கி? "தடைக்காலத்தில் தண்ணீர்ப் பணம்கூடப் பார்த்துச் செலவழிக்கணும். இந்த வயசிலே கிதாராம்!" என்றார். அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து போய்க் கிதாரை உறையில் போட்டு வைத்துவிட்டார். அன்று ராத்திரி எலிச் சத்தம் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் தாமாகவே சொன்னார்: "1991ல் முதல் ஐஸ் பெட்டியும், டெம்போவுக்கு அட்வான்ஸும் எந்தப் பணத்தில் வாங்கினேன் தெரியுமா? அம்மாவோட வீணையை வித்த பணம்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவர் எழுந்து உள்ளே போய், "அம்மா, நல்லதா ஒரு வீணையே வாங்கிடலாம்" என்றார்.

"வேண்டாம் தம்பி. தரையிலே சம்மணம் போட இந்த முழங்கால் சம்மதிக்காது. மேஜையிலே வெச்சும் வாசிக்கலாம்னு சொல்றாங்க. எனக்கு அது ஒப்பலை. இதுன்னா நாற்காலியிலே உட்கார்ந்து வாசிக்கலாம்" என்றார் அத்தை.

மே மாதத்தில் ஒரு நாள் அறந்தாங்கி, புதுக்கோட்டை வழியாகத் திருச்சிக்கு பஸ் ஏறினோம். முதலில் நுழைந்த கடையில் ஒரு பையன், "பாட்டிக்குக் கீபோர்டுதான் நல்லது" என்றான். கிதார்தான் வேண்டும் என்றதும், "முதல்லே சாதாக் கிதாரில் பழகணும். விரல் காய்ச்சுப் போன பிறகுதான் எலெக்ட்ரிக்" என்று உபதேசம் செய்து, அண்டா மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து அத்தையின் மடியில் வைத்தான். அத்தையின் தலையும் கால்களும்தான் வெளியே தெரிந்தன.

இந்த உபதேசத்தைப் பல பேர் சொல்கிறார்கள். வயதானவர்களுக்கு இதைப்போல் கெடுதலான யோசனை வேறில்லை என்பது என் அபிப்பிராயம். சாதாக் கிதாரின் எஃகுத் தந்திகள் பருமனானவை. முதல் தந்தி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு கனம் இருக்கும். எலெக்ட்ரிக் கிதாரில் 9 பங்கு கனத்தந்தி போடலாம். தந்தி மெட்டுக்கு அருகிலேயே தாழ்ந்தும் இருக்கும். தொட்டால் ஸ்வரம் பேசும். கனத்த உடம்பைக் கட்டிப் பிடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. வாத மூட்டுக்கு எது இதம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்று வெறுங்கையோடு திரும்பினோம். பஸ்ஸில் அத்தையைத் தேற்றுவதற்காக என் மகன் போனில் அனுப்பிய படங்களைக் காட்டினேன். 1932ல் விற்பனைக்கு வந்த முதல் எலெக்ட்ரிக் கிதாருக்கு அமெரிக்காவில் என்ன பட்டப் பெயர் தெரியுமோ? வறுசட்டி! வட்டமான தலையும் நீண்ட பிடியுமாக அசல் நம் அடுக்களைச் சாமான்தான். அதை மடியில் படுக்க வைத்துத்தான் வாசிப்பார்களாம். அத்தை கிதாரை எடுத்த எடுப்பில் மடியில் போட்டுக்கொண்டதற்கு முன்மாதிரி இருக்கிறது, பாருங்கள்!

இன்னொரு படத்தில் ஸிஸ்டர் ரொஸெட்டா தார்ப். தேவாலயங்களில் பாடி வளர்ந்த அம்மாள். 1964ல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்துப் பழைய ரயில் நிலையம் ஒன்றில், கனத்த கோட்டுப் போட்டுக்கொண்டு, எலெக்ட்ரிக் கிதாரை வெளுத்து வாங்குகிறார். அத்தை அந்தப் படத்தை மூன்று தரம் போடச் சொன்னார். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற மேதையைப் பற்றியும் சொன்னேன். 1928ல் நடந்த தீ விபத்தில் அவருடைய இடக்கை மோதிர விரலும் சுண்டு விரலும் முடங்கிப்போயின. அதற்கப்புறம் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டையும் கொண்டே ராகம் போல ஓடி ஓடி வாசித்து உலகப் புகழ் பெற்றார்.

"அந்த ரெண்டு விரல்தானே வீணைக்கும்" என்றார் அத்தை. வீடு வருகிற வரையில் வேறெதுவும் பேசவில்லை. அவருக்கு ரொம்பப் பிடித்த மாண்டலின் ஸ்ரீனிவாஸும் எலெக்ட்ரிக் மாண்டலினைத்தான் எடுத்தார். சாதா மாண்டலினில் நாதம் சட்டென்று அவிந்துவிடும், கமகம் நிற்காது. மின்சாரத்தின் துணையால் நாதம் நீளும். 1981ல் சென்னையில் அந்தச் சிறுவன் வாசித்தபோது அதிசயித்தவர்கள் எத்தனையோ பேர். வீணைக்காரிக்கு எலெக்ட்ரிக் கிதார் பொருந்துவதற்கும் காரணம் இதுவேதான்.

மறுநாள் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கிதார் சின்னதா பெரியதா என்பது உடம்பைப் பார்த்துச் சொல்வதல்ல. தலைப்பக்கத்தில் தந்தி உட்காரும் துண்டிலிருந்து கீழே குதிரை வரைக்கும் உள்ள நீளம்தான் கணக்கு. அது குறைந்தால் ஒவ்வொரு மெட்டின் இடைவெளியும் குறையும். மகனுடைய கிதார் ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஜாதி: 25½ அங்குலம். லெஸ் பால் என்ற ஜாதி 24¾ அங்குலம். ஆனால் எடை சுமார் 4 கிலோ, அத்தையின் தோளுக்கு ஆகாது. மஸ்டாங் என்பது 24. அதற்கும் கீழே 22 சொச்சம் அங்குலத்திலும் சின்னக் கிதார்கள் உண்டு. முதல் மெட்டிலிருந்து நாலாவது மெட்டு வரை 25½ அங்குலக் கிதாரில் 97 மில்லிமீட்டர். 24 அங்குலத்தில் 92. வித்தியாசம் ஒரு பச்சரிசி நீளம்! இந்த ஒரு அரிசிக்காகவா திருச்சிக்கு அலைவது என்று கேட்பீர்கள். மோதிரம் விரலில் இறங்குவதற்கும் இறங்காததற்கும் எத்தனை வித்தியாசம்? அதைப் போலத்தான்.

வாங்குவதற்கு முன்பே சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது என்று மகன் போனில் சொன்னான். கேப்போ என்று ஒரு கவ்வி. சில நூறு ரூபாய்தான். துணி காயப்போடும் கிளிப்பைப் போல மெட்டின்மேல் மாட்டிவிட்டால் தந்திகள் அந்த இடத்திலிருந்து புறப்படும். 25½ அங்குலக் கிதாரில் முதல் மெட்டில் மாட்டினால் மிச்சம் கிட்டத்தட்ட சரியாக 24 அங்குலம். இரண்டாவது மெட்டில் மாட்டினால் 22¾க்குச் சற்றுக் குறைவு. அடுத்த தரம் மகன் ஊருக்கு வந்தபோது அதைக் கொண்டுவந்தான். முதல் மெட்டில் மாட்டியதும் அத்தையின் சுண்டு விரல் நாலாவது மெட்டில் போய் உட்கார்ந்தது. அப்பத்தாவும் பேரனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இரண்டாம் பயணத்தில் வேறு கடை. கடைக்காரர் நடு வயது மனிதர், அவசரம் காட்டாதவர். கை இல்லாத நாற்காலி ஒன்று கேட்டு வாங்கி அத்தையை உட்கார வைத்தேன். நின்றுகொண்டு வாசித்துப் பார்த்து, வீட்டில் உட்கார்ந்து வாசிப்பது என்பது செருப்பைக் கையில் போட்டுப் பார்த்து வாங்குகிற கதை. இடது காலுக்குக் கீழே வைக்க வீட்டிலிருந்து ஒரு மணையே எடுத்துப் போயிருந்தேன்! கால் சற்று உயர்ந்தால் கிதாரின் கழுத்தும் மேல்நோக்கி எழும்பும், மணிக்கட்டு மடங்காது, கட்டைவிரல் கழுத்தின் பின்னால் சும்மா தாங்கினால் போதும், பிடித்து நெரிக்க வேண்டாம்.

22 அங்குலச் சின்னக் கிதாரைத்தான் அத்தை எடுப்பார் என்று நான் நினைத்தேன். கைக்கு அடக்கமாகத்தான் இருந்தது. ஆனால் தந்தி தொளதொள என்று இருந்தது. வீணைக்காரி அல்லவா? அத்தை தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் பிடித்தால் ஸ்வரம் எங்கோ போய் விழுந்தது. மேல் மெட்டுக்களில் இரண்டு விரலை ஜோடியாக வைக்கவும் இடம் போதவில்லை. "சின்னதா இருந்தா மட்டும் போதாது போலிருக்கே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மஸ்டாங் ஜாதியில் 24 அங்குலக் கிதார் ஒன்றை எடுத்தார். கழுத்து தலைப்பக்கத்தில் 42 மில்லிமீட்டர் அகலம், பின்புறம் ஒல்லி, எடை மூன்று கிலோ சொச்சம். நிறம் என்னவோ மீன் பெட்டி நீலம். கடையில் எவரும் கவனிக்கவில்லை என்று எண்ணி மோகனத்தில் ஒரு ஆரோகணம் போனார். கடைக்காரர் கணக்கெழுதுவதை நிறுத்திவிட்டு, "அம்மா வீணையா?" என்று கேட்டார். அவரே 9 கனத் தந்தி மாட்டி, பன்னிரண்டாவது மெட்டில் தந்தியை ஒன்றரை மில்லிமீட்டருக்குத் தாழ்த்திக் கொடுத்தார். ஸ்ருதியை அரை ஸ்தாயி குறைத்துக்கொள்ளலாமே என்று நான் உளறினேன். "அரை ஸ்தாயி இல்லை, அரைக் கட்டை" என்று அத்தை திருத்தினார். அரைக் கட்டை இறக்கினால் தந்தி இன்னும் இளகிக் கொடுக்கிறது. மூட்டு வலி உள்ளவர்கள் செய்து பார்க்கலாம்.

பில்லுக்குப் பணம் கொடுத்தவர் என் வீட்டுக்காரர். எங்கே புரட்டினார் என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஆம்ப்ளிபயரை மாட்டியதும் 'ம்ம்ம்' என்று ஒரே இரைச்சல். தந்தியைத் தொட்டால் சுருக்கென்றது. எலெக்ட்ரிக்காரரைக் கூப்பிட்டுப் பார்த்தால், அந்த மூன்று முள் பிளக்கில் எர்த் கம்பியே இணைக்கவில்லை! எர்த்தைச் சரிசெய்த பிறகுதான் அத்தையைத் தொட விட்டேன். கிதார் வாங்கும் வீடுகளில் இதை முதலில் பாருங்கள்.

இன்னொரு தொல்லை எங்கள் ஊர் உப்புக் காற்று. இரண்டே வாரத்தில் தந்திகளில் துரு பூத்துவிட்டது. சென்னையில் மகனுக்கு ஒரு செட் மாதக்கணக்கில் வருமாம்.

ஜூன் 14 முடிந்து படகுகள் கடலுக்குப் போய்விட்டன. இப்போது இவருக்கு விடிய விடிய ஐஸ் ஏற்றும் வேலை. அத்தை சாயங்காலம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாசிக்கிறார். அடுத்த வீட்டு அம்மாள் வந்தால் மாத்திரம் அதைக் கழற்றிவிட்டுப் பெட்டியில் கொஞ்சமாகக் குரல் வைப்பார். நாலு விரல் வைக்கும் பாடம் இன்னும் பாதிதான் ஆகியிருக்கிறது. சுண்டு விரல் சில நாள் எட்டுகிறது. சில நாள் முரண்டு பிடிக்கிறது.

அத்தை தூங்கிய பிறகு இவர் கைகால் கழுவிக்கொண்டு பின்கட்டு அறைக்குப் போவார். பழைய பனியன் துணியால் ஆறு தந்திகளையும் ஒவ்வொன்றாக, அடியிலும் மேலுமாக, ஈரம் போகத் துடைப்பார். அப்போது சில சமயம் 'டிணுக்' என்று ஒரு சத்தம் வரும். நான் தூங்குகிற மாதிரி படுத்திருப்பேன்.