சிங்கவாலும் சிப்ஸ் பாக்கெட்டும்

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். முப்பதாவதில் காலையில் சாப்பிட்ட பொங்கல் ராஜினாமா கொடுக்கப் பார்த்தது. ஒருவழியாக நாற்பதையும் தாண்டி, ஊருக்குக் கொஞ்சம் முன்னால் புதுத்தோட்டத்தில் நண்பர் காரை ஓரங்கட்டினார்.

ரோட்டோரம் ஒரு கறுப்புக் கூட்டம். சிங்கவால் குரங்கு! முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி. ஆனால், பெயர் வந்தது வால் நுனிக் குஞ்சத்தால்!

சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தேன். சத்தம் கேட்டதுமே ஒரு தாய், வயிற்றில் குட்டியோடு நெருங்கி வந்தது.

"சார், அதை உள்ளே வைங்க!" வாட்சர். வண்டிகளைக் கைகாட்டி மெதுவாகப் போகவைப்பது அவர் டூட்டி.

"ஒண்ணே ஒண்ணுதாண்ணே..."

"எல்லாரும் ஒண்ணுதான் போடறாங்க. ருசி கண்டுட்டா வண்டியைப் பாத்ததும் எறங்கி வருதுங்க. அப்புறம் டயர்ல மாட்டுது."

அத்தி, பலா என்று மரத்து மேலேயே காலம் தள்ள வேண்டிய பிறவி. காட்டை வெட்டித் தேயிலை போட்டதில், மிச்சமிருக்கும் சோலைத் துண்டுகளில் சிக்கிக்கொண்டது. ரோட்டுக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். நம் சிப்ஸ் கீழே அல்லவா கிடக்கிறது!

பி.காம். புத்தி கணக்குப் போட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெந்தக் காட்டிலும் இல்லை. மொத்தமே 4,000-க்குள். ஒரு தடவைக்கு ஒரு குட்டி; அடுத்ததுக்கு இரண்டரை, மூன்று வருஷம். ஒரு தாய் போனால் எந்த லெட்ஜரில் எழுதி ஈடுகட்டுவது?

பாக்கெட்டை சீட்டுக்கு அடியில் தள்ளினேன். அது இன்னும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"கண்ணாடியை ஏத்திக்குங்க சார்" என்றபடி, அடுத்த வண்டிக்குக் கை காட்டப் போனார் வாட்சர்.